புழுவின் வாயில் எத்தனை பல்

மார்ச் 3, செவ்வாய்

மாணவியர் விடுதியில் மூன்றாவது முறையாக ரத்தசோகை. குடலில் ரத்தம் உறிஞ்சும் புழுவுக்கு மருந்து கொடுத்தால் சரியாகிறது, நாலே மாதத்தில் திரும்புகிறது. நிர்வாகம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாம்: சமையல்காரம்மா. அதாவது என் அக்கா.

ஆதாரம், லேபில் நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை! "மனிதர்களிடம் வாழும் கொக்கிப்புழு" என்று எழுதியவள் நான்தான். கண்காணிப்பாளரம்மா போனில் கேட்டார்: "உள்ள இருக்கிற எல்லாருக்கும் மருந்து கொடுத்தாச்சு. தினம் வெளியிலிருந்து வர்ற ஒரே ஆள் யாரு?" அக்காவின் மலப் பரிசோதனையில் புழு முட்டையே இல்லை என்றேன். "அதையும் நீங்கதானே பாத்தீங்க?"

வெள்ளிக்கிழமை விசாரணை. பதினாறு வருஷ வேலை அக்காவுக்கு.

மார்ச் 4, புதன்

மருந்து கொடுத்தபோது மாணவிகளின் மலத்தைச் சலித்து எடுத்த புழுக்கள் சீசாவில் பத்திரமாக இருக்கின்றன. அறிக்கைக்காக அன்று பார்த்த ஸ்லைடையும் எடுத்துப் பார்த்தேன்.

அடிப்பாவி! புழு ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெரிய பல்லும் அந்தப் பக்கத்துப் பெரிய பல்லும் ஒன்றை ஒட்டி ஒன்று தெரிந்திருக்கின்றன. நான் இரண்டு ஜோடி என்று எண்ணித் தொலைத்திருக்கிறேன். இரண்டு பெரிய ஜோடி என்றால் மனிதப் புழு. ஒரு பெரிய ஜோடி, பக்கத்தில் பொடிசாக இன்னொன்று என்றால் நாய் பூனையிடம் வாழ்கிற, மனிதரையும் பிடிக்கிற புழு. முட்டையை வைத்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே அச்சு. வாயைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் நேருக்கு நேர்.

அவசரத்தில் பார்த்தேனா? ஆமாம். அவசரம்தான்.

மார்ச் 5, வியாழன்

தலையை மட்டும் நறுக்கி, கிளிசரின் ஜெல்லியில் வாய் மேலே பார்க்க நிறுத்த வேண்டும். தலை என்பது ஒரு மணல் துகளில் பாதி. ஏழு தலைகள் சரிந்து விழுந்தன. ஏழுக்கும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

எட்டாவது நின்றது! வாயைப் பிளந்துகொண்டு. ஒரு பெரிய ஜோடி. உள்ளே தள்ளி, பொடிசாக ஒன்று. கத்தியே விட்டேன்.

லேபின் பெரிய டாக்டர் ஓடி வந்தார். "அறிக்கையைத் திருத்தினா லேப் மானம் போயிடும்மா."

"போனா என் மானம்தான் சார். கையெழுத்து என்னோடது."

முறைத்தார். பிறகு உட்கார்ந்து அவரே எண்ணினார். சாயங்காலத்துக்குள் இன்னும் பத்து தலைகளை நிறுத்தினோம். பதினொன்றும் ஒரே வாய்.

மார்ச் 6, வெள்ளி

மைக்ரோஸ்கோப்பைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். அக்கா மூலையில் தலை குனிந்தபடி.

"நான் அவங்க தங்கச்சி. என் பேச்சை நம்ப வேண்டாம். நீங்களே எண்ணுங்க" என்றேன். ஒவ்வொருவராகக் குனிந்து எண்ணினார்கள். நாய்ப் புழு, நாயின் மலத்தோடு மண்ணில் விழுந்து அங்கிருந்து வெறுங்காலில் ஏறும் என்று விளக்கினேன். நிர்வாகத் தலைவர் நிமிர்ந்தார்.

"பிள்ளைங்க விளையாடற மைதானத்துல யாரோட நாய் திரியுது?"

எல்லோரும் கண்காணிப்பாளரம்மா பக்கம் திரும்பினார்கள். அவருடைய செல்லங்கள், இரண்டு.

அக்காவின் வேலை நிலைத்தது! வெளியே வந்ததும் என் முதுகில் பலமாக ஓர் அடி. "உன்னாலதான்டி மூணு நாள் நான் தூங்கலை!" அடித்த கையாலேயே கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று அழுதோம்.

மார்ச் 11, புதன்

செல்லங்களுக்கு மருந்து கொடுத்ததில் புழு வந்தது. தலையை நிறுத்திப் பார்த்தேன். அதே வாய்! அதே பல்!

மார்ச் 30, திங்கள்

நாய்களுக்கு வேலி, பிள்ளைகளுக்கு இன்னொரு வேளை மருந்து, செருப்பு.

ஆகஸ்ட் 10, திங்கள்

நாலு மாதம் தாண்டியாயிற்று. நாற்பத்திரண்டு மாணவிகள். ஒருவர் மலத்தில்கூட முட்டை இல்லை. ரத்த அளவும் எல்லோருக்கும் ஏறியிருக்கிறது. பெரிய டாக்டரும் தனியாக ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட்டார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் தட்டுகளின் சத்தம், காது கிழிந்தது.

"அப்புறம் பேசுடி. வடிச்சது பத்தலை, மறுபடி உலை வச்சிருக்கேன். எல்லாம் ரெண்டாவது தடவை தட்டை நீட்டுதுங்க."