கலியாண முக்காட்டை அனுப்பவில்லை

பலேர்மோ
12.02.1995

அன்பின் அத்தானுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். நீங்களும் எங்கள் மகள் கிளறாவும் சுகமாயிருக்க மன்றாடிச் செலஸ்ரீனா எழுதுவது.

சண்டை நின்று பேச்சுவார்த்தை நடக்கிறது, உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கிளறாவுக்குக் கலியாணம், இனி அவளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் சந்தோசத்தில் அழுதுவிட்டேன். அந்த ஞாயிறே வெள்ளை முக்காடு வாங்கினேன். ஹாவாதான் பார்த்துத் தெரிந்து தந்தாள்.

ஹாவா சோமாலியாக்காரி. லிபெர்த்தா வீதியில் இளைப்பாறிய இத்தாலியக் கேணல் வீட்டில் அவள் சமையல், நான் அந்தக் கிழவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்துகிறேன். கிழவர் ஒருகாலம் அவளுடைய நாட்டுப் படைக்குச் சுடப் பழக்கியவர். துவக்குகளும் இங்கிருந்துதான் போனதாம். அந்த அரசாங்கம் விழுந்த பிறகு அதெல்லாம் ஆளாளுக்குக் கைமாறிவிட்டது.

போன வருடம் அவளுடைய ஊரில் இரண்டு குலத்துப் பெரியவர்கள் கூடி ராசியானார்கள். ஒரு பக்கத்துப் பெண்ணை மற்றப் பக்கத்துக்குக் கட்டிக் கொடுத்தால் பகை முடிந்தது என்பது அவர்களின் வழக்கம். கொடுத்தது ஹாவாவின் மகளை. எங்கள் கிளறாவின் வயதுதான். அன்றைக்குக் குசினியில் என் வாயில் இனிப்பைத் திணித்துவிட்டு ஆடினாள்.

போன கிழமை ஊரிலிருந்து கசெற் வந்தது. அவர்கள் கடிதம் எழுதுவது குறைவு, பேசித்தான் அனுப்புவார்கள். பெரியவர்களின் சொல்லுக்கு அடங்காத ஒரு தளபதியின் ஆட்கள் வந்து இரண்டு பக்கத்தையும் சுட்டுவிட்டார்களாம். கலியாணம் செய்து கொடுத்த வீடும் எரிந்ததாம். மகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹாவா கசெற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

பிறகு கேணலிடம் போய், சுட்டவர்கள் நீங்கள் பழக்கியவர்கள் என்றாள். கிழவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“நல்ல பொடியள். குறி தப்பாது.”

எனக்கு அந்த வாயில் கரண்டி வைக்கக் கை கூசியது. ஆனாலும் தீத்தினேன். இந்த நாட்டில் இருக்க எனக்குத் தந்த பெர்மெஸ்ஸோ அந்த வேலையில் தொங்குகிறது.

அத்தான், எங்கள் ஊருக்குச் சமாதானம் செய்ய வந்த இந்தியப் படையும் ஒரு பகுதிப் பொடியளுக்குத் துவக்கைக் கொடுத்துவிட்டுத்தானே போனது? எத்தனை பிள்ளைகளைப் புதைத்தோம், மறந்து போனீர்களே? கதைக்கப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

கோவிக்காதீர்கள். கலியாணத்தை நிற்பாட்டுங்கள். கிளாலிக் கடலால் வள்ளம் ஓடுகிற நாளிலேயே கிளறாவைக் கொழும்பில் விமலராணி அக்காவிடம் சேர்த்துவிடுங்கள். மாப்பிள்ளையும் வரட்டும், இங்கே கோயிலில் தாலி கட்டலாம். முக்காட்டை அனுப்பவில்லை. நேற்று ஹாவா அதை இஸ்திரி போட்டு மடித்துத் தந்தாள். அவளுடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர இரண்டு மாதம் செல்லும். அதுவரைக்கும் ஒருவரும் சுடாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். பிள்ளையின் தலையில் சிலுவை போட்டுவிடுங்கள்.

உங்கள்
செலஸ்ரீனா