செலிக் அடுப்பில் மாறாத சட்டிகள்

கெல்ம், ஞாயிறு காலை

என் கண் லேய்சருக்கு அம்மா எழுதுவது. நீ நூற்றிருபது வயது வரை நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நானும் அப்பாவும் படைத்தவன் புண்ணியத்தில் சுகம். நலம் விசாரித்தது இத்தோடு போதும், எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

வாரம் முழுக்க நியூயார்க்கில் தொப்பி தைக்கிறாய், விடுமுறை வந்தால் சங்கக் கூடத்தில் மேடையேறி நம் ஊர்க்காரர்களை முட்டாள்களாக்கிக் கதை சொல்கிறாயாம். அங்கிருந்து திரும்பி வந்த யோய்னே, அதுதான் பக்கத்து வீட்டு மாப்பிள்ளை, சந்தையில் நின்று அதை அப்படியே நடித்துக் காட்டினான். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாதென்று வெள்ளிக்கிழமையே ரொட்டிக்கடை அடுப்பில் வைத்த சட்டிகளில் எது யாருடையது என்று மறுநாள் ஒருவருக்கும் தெரியவில்லையாம், மதகுரு ரபியிடம் ஓடினார்களாம், சட்டி யாரைப் பார்த்து ஆவி விடுகிறதோ அவருடையது என்று அவர் தீர்ப்புச் சொன்னாராம், ஊரே மூக்கை நீட்டிக்கொண்டு சட்டியைச் சுற்றி நின்றதாம். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டியை மாற்றிக் கொடுக்கும் மடையனுக்கு நம் ரொட்டிக்கடைக்காரர் செலிக்கின் பெயரையே வைத்தாயே, உனக்கு வேறு பெயரா கிடைக்கவில்லை? யோய்னே நடித்தபோது அவரும் அங்கேதான் நின்றிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் கையில் சாக்கட்டி, ஒவ்வொரு சட்டிக்கும் ஓர் எண். என்ன அண்ணே இது புதுசா என்று கேட்டேன். "இனிமே ஒரு சட்டியும் மாறாது ஃப்ரூமா, கடல் தாண்டி எம்பேரு நாறினது போதும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ கதையாக்கிய அந்தச் சட்டிகள் அன்று ஏன் மாறின என்று உனக்குத் தெரியுமா? அப்பா கால் ஒடிந்து படுத்திருந்த குளிர்காலம், நீ சின்னப் பையன். வீட்டில் ஒரு பிடி பார்லி இல்லை. சட்டி கொண்டுபோகாவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று தண்ணீரும் கூழாங்கல்லும் போட்டு மூடியை இறுக்கிக் கட்டி எடுத்துப் போனேன். செலிக் தூக்கி எடை பார்த்தார், மற்றச் சட்டிகளோடு அதையும் அடுப்புக்குள் வைத்துவிட்டார். மறுநாள் என் கைக்கு வந்த சட்டியில் பயறும் வாத்துக் கறியும்! இது என்னுடையதில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் ஒருத்தி "எஞ்சட்டியக் காணோம்" என்று கத்தினாள், இன்னொருவர் "அட, எதையாவது எடுத்துட்டுப் போங்கய்யா, பசி உயிர் போகுது" என்றார், ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பனி உருகும்வரை வாராவாரம் இதே கூத்து. வாரம் ஒரு வீடு என் கல்லைச் சுமந்து போயிற்று, ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. உனக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கிறது, தின்ற சாப்பாடு நினைவில்லை!

இந்த வருடம் கல் போடுகிறவள் பிரைண்டல், புருஷன் செத்துப்போய் மூன்று பிள்ளைகளோடு நிற்கிறாள். செலிக் ரொட்டி கொடுத்தனுப்பினார், நாங்கள் பிச்சைக்காரர்கள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாள். எண் போட்ட பிறகு அவள் கல் அவளுக்கே போகிறது. நேற்று பொறுக்காமல் அவள் சட்டியை நான் தூக்கினேன். செலிக், "எண்ணைப் பாரும்மா" என்றார். எனக்கு எண் படிக்க வராது என்றேன், சந்தையில் முட்டை எண்ணி விற்கிற நான். எல்லாரும் சிரித்தார்கள். என் சட்டி அவளுக்குப் போயிற்று, நானும் அப்பாவும் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டோம், அது பெரிதில்லை. ஆனால் வாராவாரம் நானே எடுத்தால் அவளுக்குப் புரிந்துவிடும். ஊரே சேர்ந்து மடத்தனம் செய்தால்தான் அவள் தலை குனியாமல் இருப்பாள்.

உடனே செலிக்குக்கு எழுது. மன்னிப்புக் கேள், சாக்கட்டியைத் தூக்கிப் போடச் சொல்லிக் கெஞ்சு. இனி மேடையில் யாரை வைத்துச் சிரிப்பது என்றும் யோசித்துக்கொள். அந்தக் குளிர்காலம் நீ தின்றது யார் யார் வீட்டுச் சாப்பாடு என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அதனால் இந்த ஊரில் நீ கேலி செய்து சிரிக்கக்கூடிய முகம் ஒன்றுகூட இல்லை.

கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொண்டு வெளியே போ. உனக்கு நல்ல மனைவியும் நிறையப் பிள்ளைகளும் அமையட்டும். செலிக்குக்கு எழுதிவிட்டுத்தான் எனக்கு எழுத வேண்டும்.

எண் படிக்கத் தெரியாத உன் அம்மா,
ஃப்ரூமா