சித்தி வண்டியில் என் மகள்

மே 3

கிளம்பியாயிற்று. இரண்டு வண்டி. முன்னால் தங்கை, பின்னால் நாங்கள். "எதுக்கு ரெண்டு வண்டி?" என்று இவரிடம் கேட்டேன். "சாமான் நிறைய இருக்குல்ல," என்றார். சாமானெல்லாம் எங்கள் வண்டியில். மகள் அவள் வண்டியில்.

பெரியப்பா வீடு, மாமா வீடு, வழியில் ஒரு அரண்மனை, ஒரு கோட்டை. மகள் பத்தாவது முடித்துவிட்டாள். இனி சித்தியோடு தங்கிப் படிக்கிறாளா, என்னோடு இருக்கிறாளா என்பதை ஊர் திரும்பியதும் சொல்வாளாம். பெத்தவளுக்குத் தீர்ப்புத் தேதி குறிச்சாச்சு.

மே 4

பெரியப்பா வீடு. சாப்பிடும்போதும் மகள் சித்தி பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பெரியம்மா பார்த்துவிட்டு, "அச்சு அசல் சித்தியேதான். நடை, சிரிப்பு, எல்லாம்," என்றாள். சிரித்து வைத்தேன். பத்து மாசம் சுமந்தவ நான், ஜாடை மட்டும் அங்க போயிருக்கு.

மே 5

அரண்மனை. தங்கை கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். தூணைத் தட்டிக் காட்டுகிறாள், கூரையைக் காட்டுகிறாள், மகள் வாயைப் பிளந்து கேட்கிறாள். நான் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவள். அரண்மனையில் யாருக்கும் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கைப்பைகளுக்குக் காவல் இருந்தேன்.

சும்மா இருக்க முடியாமல், "இந்தச் சுவர் சுண்ணாம்புலதானே கட்டினது?" என்றேன். "அம்மா, அது மரம்," என்றாள் மகள். தங்கை சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். இரண்டு வண்டியில் போனால், நிறுத்துகிற இடத்திலெல்லாம் பிள்ளைகள் வண்டி மாறி ஏறவேண்டும். யார் மனசும் நோகக் கூடாதென்று. இவள் ஒரு தடவைகூட மாறவில்லை. கூப்பிடலாம், வந்துவிடுவாள். ஆனால் கூப்பிட்டு வர அவ என்ன விருந்தாளியா?

மே 6

தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோட்டை. "அம்மா, மேல வா," என்றாள். "நீயும் சித்தியும் போங்க. எனக்கென்ன தெரியும்," என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நன்றாகப் பொழுது சாய்ந்தபின் தங்கையின் வண்டி வாசலைத் தாண்டிப் போவது தெரிந்தது. "கிளம்புங்க," என்றேன் இவரிடம்.

"பாப்பா?"

"எங்க இருப்பா? எப்பவும் இருக்கற எடத்துலதான்."

மாமா வீட்டு வாசலில் தங்கை இறங்கினாள் — தனியாக. எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அவ எங்க? அம்மா மொகமே சரியில்ல, போய் அவகூட ஏறிக்கோன்னு அனுப்பிச்சனே?"

மகளின் போனுக்கு அடித்தோம். தங்கையின் வண்டிக்குள்ளேயே அடித்தது. சார்ஜில் போட்டிருந்தாள்.

திரும்பி ஓடினோம், மூன்று பேரும் ஒரே வண்டியில். "ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?" என்றார் இவர், ஒரே ஒரு தடவை. கேட்டிருக்கலாம். அவகிட்டப் போய் என் பிள்ளை உன்கூடவா இருக்கான்னு கேக்கணுமேன்னுதான் கேக்கல. பாவி, வயித்தெரிச்சல்ல பெத்த புள்ளைய கோட்டையில விட்டுட்டு வந்திருக்கேன்.

கோட்டை வாசலைச் சாத்தியாயிற்று. வெளியே டிக்கெட் கொடுக்கிற அம்மாவின் நாற்காலியில் மகள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு வண்டியையும் காணோம்," என்றாள். நானும் தங்கையும் கையை நீட்டிக்கொண்டு ஓடினோம். எங்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போய், "அப்பா, பசிக்குது," என்றாள்.

மே 8

வீடு வந்தாயிற்று. தங்கையும் இங்கேதான் இருக்கிறாள். காலையில் மகள் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: "நான் ஹாஸ்டல்ல சேர்றேன்."

"ஏண்டி?" என்றேன்.

"அங்க தினமும் தலை எண்ணுவாங்களாம்."

இவருக்குச் சிரிப்பு. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜூன் 11

சேர்த்துவிட்டு வந்தோம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ஜூலை 2

தங்கை போன் செய்தாள். அந்தப் பயணத்துக்குப் பிறகு அவளாகப் பேசுவது இதுதான் முதல் தடவை. நலம் விசாரித்தாள், மழை உண்டா என்றாள், பிறகு மெதுவாக: "யாருக்கா அந்த வார்டன்? எப்பப் பேசினாலும் வார்டன் இப்படிச் சொன்னாங்க, வார்டன் அப்படிச் சிரிச்சாங்கன்னு..."

"உன்கிட்டயுமா?" என்றேன். "அவங்க தலை வாரிவிட்டாத்தான் சடை நிக்குதாம். பதினாறு வருஷம் நான் பின்னின சடை எங்க நின்னுச்சாம்?"

"பாடம் சொல்லித் தர்றாங்களாம். வரையறதுகூட."

"வரையவும் தெரியுமாமா?"

"தெரியுமாமே," என்றாள் தங்கை. அந்தக் குரலைக் கேட்டதும், ஐயோ பாவம், இவளுக்கும் என் வியாதிதான் என்று தோன்றியது. அப்புறம் என்ன, பார்த்தே இராத அந்த வார்டனைப் பிடித்து ஆசை தீர அரைத்தோம்.

நடுவில் மகளின் அழைப்பு வந்தது. தங்கையை வைக்கச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுப்பில் பால் என்று ஒரு பொய் போதும். சொல்லவில்லை. மூவருமாகச் சேர்த்துவிட்டேன். "உங்க சித்தியும் இருக்காடி," என்றேன்.

"சித்தி, சாப்பிட்டியா?" என்றாள் முதலில்.

பொறுத்துக்கொண்டேன்.