ஏகாம்பரம் வீட்டுப் பலகை

செவ்வாய்க்கிழமை, இரவு.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இனி ஒரு வாட்ச்மேன் போதுமாம். ஏகாம்பரமும் நானும் ஒரே கேட்டில் ஒரே சம்பளத்துக்கு நிற்கிறவர்கள். யார் இருப்பது, யார் போவது என்று எங்களையே பேசி முடிவு செய்யச் சொல்லிவிட்டார் செக்ரட்டரி. எனக்கு இந்தச் சம்பளம் தவிர வேறு வரும்படி இல்லை. அவனுக்கும் அப்படித்தான் என்று நினைத்து, பாவப்பட்டு, தினமும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதைப் பேச இன்று முதல்முறையாக மேனாம்பேட்டில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். மூன்று மாடி. கேட்டில் ஒரு பலகை. முதியோர் கல்வி வகுப்பில் கற்ற எழுத்துகளைக் கூட்டினேன். ‘வீடு வாடகைக்கு. உரிமையாளர் ஏகாம்பரம்.’ முழுதாகப் படித்துவிட்ட சந்தோஷத்தில் பொருளே உறைக்கவில்லை.

அவன் வெளியே வந்தான். “இன்னா மாமே, படிச்சிட்டியா? உனக்குப் படிக்க வராதுன்னு தெகிரியமா மாட்டிக்கீறேன்!”

“அப்ப நான் வாங்கிக் குடுத்த டீயெல்லாம்?”

“ஓசி டீ ருசியே வேற நைனா.” சிரித்தான். “ஊட்ல சும்மா குந்திகினு இருக்க முடியாம வேலைக்கு வந்தேன். எனக்கு வாடகை வருது. வேலைல நீ இரு, நா வுட்டுட்டு நின்னுக்கறேன்.”

நான் படுத்தால் என் வரும்படியும் படுத்துவிடும். அவன் தூங்கும்போதும் அந்த மூன்று மாடிகள் அவனுக்காக விழித்து நிற்கின்றன. இந்நேரம் நிலா வெளிச்சத்தில் நிற்கும். பொறாமை வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. வேலை தங்கிவிட்டது.

நாளை பழக்கத்தில் இரண்டு டீ சொல்லிவிடுவேன்.