அஞ்சு, நாலு, மூணு

ஆகஸ்ட் 29

என் ராசா மகனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் என்றால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாதே!

உன் பெண்டாட்டி ஜப்பான் மொழிப் பரீட்சையில் அஞ்சாம் நிலை பாஸ். அஞ்சுதான் அடியாம், ஒன்றுதான் உச்சியாம். நானும் அஞ்சாம் கிளாஸ்தான், இனி நாம ரெண்டு பேரும் சமம் என்றேன். சிரித்தாள். தையல் கடையில் பட்டன் தைத்துக்கொண்டே முணுமுணுப்பாளாம். வீட்டில் நான்தான் வாத்தியார். படத்தைக் காட்டுவேன், அவள் சொல்வாள். சரியா தப்பா, எனக்கென்ன தெரியும்? திணறினால் தப்பு என்று வைத்துக்கொள்வேன்.

எதிர்வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டு வந்தாயிற்று. நீ கேட்டதை முடித்துவிட்டாள். அவளையும் உன் மகள் குட்டியையும் எப்போது ஜப்பானுக்குக் கூட்டிப்போகிறாய்?

உன் அம்மா

செப்டம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

சந்தோஷம். ஆனால் அஞ்சு போதாதாம். நாலாம் நிலை இருந்தால்தான் விசா என்கிறார்கள். நீயே பக்குவமாகச் சொல்லிவிடும்மா.

உன் மகன்

ஜனவரி 30

கண்ணு,

நாலும் பாஸ்! காய்ச்சலோடு போய் எழுதினாள், என் மருமகளாக்கும்! குட்டி தன் பொம்மையைப் பயணப் பெட்டியில் படுக்க வைத்துவிட்டாள். எடுத்தால் அழுகிறாள். அஞ்சு வயசுக்கு என்ன பிடிவாதம்! பெட்டி திறந்தபடியே கிடக்கிறது. சீக்கிரம் ஒரு தேதி சொல்லு.

உன் அம்மா

பிப்ரவரி 18

அம்மா,

விதி மாறிவிட்டது. இப்போது மூன்றாம் நிலை கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல். குட்டிக்கு ஒரு குளிர்கோட்டு அனுப்பியிருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் வீட்டில் கொடுத்தது. பழசு, ஆனால் நல்லது.

உன் மகன்

மார்ச் 12

மகனுக்கு,

கோட்டு வந்தது. குட்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பட்டன் ஒன்று தளர்ந்திருக்கிறதே என்று ஊசியோடு உட்கார்ந்த உன் பெண்டாட்டி, காலரின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பட்டை, அதில் மையால் ஏதோ எழுத்து.

"என்னடி, பாடத்தில வராத எழுத்தா?"

"முதல் வாரமே படிச்ச எழுத்துதான் அத்தை."

முன்னால் ஒரு பிள்ளையின் பெயர். பின்னால் உன் பெயர்.

ஆணா பெண்ணா என்று அவளிடமே கேட்டேன். என் வாயை என்ன சொல்ல! "பையன், அத்தை" என்றாள்.

அவனுக்குச் சின்னதாகிப்போனது இவளுக்குச் சரியாக இருக்கிறது என்றால், அவன் மூத்தவன். ஏழு வயசாவது இருக்கும். நான் அலைந்து பெண் பார்த்து உனக்குக் கல்யாணம் பண்ணி ஆறு வருஷம். இந்தக் கணக்குக்கு அஞ்சாம் கிளாஸ் போதும்.

பெண்டாட்டியைக் கூட்டிப்போக எந்தப் பரீட்சையும் வேண்டாமாம். ஜப்பான் மொழி வகுப்பு டீச்சரிடம் கேட்டு வந்தாள்.

மூன்றாம் நிலை எழுதத்தான் போகிறாள். "இனிமே எதுக்குடி?" என்றேன். "பாதியில விட்டா அவருக்காகத்தான் படிச்சேன்னு ஆயிடும் அத்தை."

கோட்டைத் துவைத்து அனுப்பியிருக்கிறேன். அவன் பொருள் அவனிடமே இருக்கட்டும். பட்டனை அவள் இறுக்கியே தைத்திருக்கிறாள். குட்டி பொம்மையைப் பெட்டியிலிருந்து தானே எடுத்துவிட்டாள்.

இனி எழுதுவதானால் அந்த மொழியிலேயே எழுது. வாசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளுக்கும் பாட்டி