பிரிக்காமல் கிடந்த நாவல்கள்

மகளுக்கு,

இத்தாவில் அழுதழுது என் கண் சிவந்து கிடக்கிறது என்று உன் சின்னம்மா ரெஹானா கம்பம் முழுக்கச் சொல்லி வருகிறாளாம். நான் அழவில்லை, படித்தேன். நீ எழுதி வருடாவருடம் அனுப்பியும் நான் பிரிக்காமலே போட்டுவைத்த நாவல்கள்தான். உன் அத்தா மவுத்தாகி, அடக்கம் முடிந்தபின், வாசல் தாண்டக் கூடாத இந்த இத்தா மாதங்களில் வேறு என்ன செய்வது?

“ஏக்கா, ஓதாம கதப் புத்தகமா படிக்கிறீக?” என்றாள் ரெஹானா.

“நீ சீரியல நிறுத்து, நானும் நிறுத்துறேன்” என்றேன். அன்றைக்குப் போனவள்தான்.

நாவல்கள் மோசம். மழை பெய்யாமல் உன் கதையில் யாருக்கும் அழுகை வருவதில்லை. கான்வென்ட்டில் நான் இப்படி எழுதியிருந்தால் சிஸ்டர் தாளைக் கிழித்திருப்பார்.

எல்லாவற்றிலும் ஒரு தாய் வருகிறாள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து நிற்கும் மகளைக் கட்டிப்பிடித்து அழுகிறாள், உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். சுத்தப் பொய். நான் கதவைச் சாத்தினேன். நீ வெளியே நின்று பார்த்தாயே.

அவளை எதற்காக நல்லவளாக எழுதினாய்? எனக்குத் தெரிய வேண்டும். போனில் வேண்டாம். கடிதமாகப் பதில் எழுது.

அம்மா