பாதி மீசையும் பித்தளைப் பெட்டியும்

கோபமே இல்லாமல், சும்மா அக்கா வீட்டுக்குப் போயிருக்கும் என் மனைவிக்கு,

நான் நலம். சமையலும் நலம். அடிப்பிடித்த பாத்திரங்களை ஊற வைத்திருக்கிறேன்.

பழைய இரும்புக் கடையில் நான் வாங்கிவந்த ரேசரைப் பார்த்து, “இந்தத் துருவ வெச்சு முகத்தையா வழிக்கப் போறீங்க?” என்று கேட்டாயே? “இதுல ஷேவ் பண்ணிக் காட்டலன்னா பாதி மீசைய எடுத்துக்கறேன்” என்று நானும் சொன்னேனே? அதற்குப் பிறகு நடந்ததை விடு.

ரேசர் சரியாகிவிட்டது! வினிகரில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் மரையெல்லாம் தேய்த்து, புது பிளேடு போட்டேன். அதன் பித்தளைப் பெட்டியை எலுமிச்சையும் உப்பும் வைத்துத் துலக்கியதில் மூடி பளபளக்கிறது. அதுவும் நல்லதாகப் போயிற்று. வீட்டிலிருந்த ஒரே கண்ணாடியை நீ துணிமணியோடு கொண்டுபோய்விட்டதால், மூடியைப் பார்த்துத்தான் சவரம் செய்தேன்.

ஆனால் அந்த மூடி, அன்று உன் கையிலிருந்து தானாகவே பறந்துபோய்ச் சுவரில் இடித்துக்கொண்டதே, அதில் நெளிந்திருக்கிறது. நெளிவில் கன்னம் எது, மீசை எது என்று பிடிபடவில்லை. ரேசர் வழுக்கிக்கொண்டு ஓடியது. இடது பக்க மீசையும் கூடவே போயிற்று.

பந்தயத்தில் ஜெயித்தது நான். பக்கத்து வீட்டுக்காரரோ, “என்ன சார், வீட்டுல பந்தயம் கட்டித் தோத்துட்டீங்களா?” என்கிறார்.

வலது பக்கத்தையும் எடுத்துவிடலாம்தான். எடுக்கவில்லை. நீ வந்து பார்த்துச் சிரிக்க வீட்டில் ஏதாவது இருக்க வேண்டாமா?

சீக்கிரம் வா. இடது பக்கம் முளைக்கத் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஜெயித்தவன்